வனத்துறைச் சோதனைச் சாவடியில் மூலிகைக் கட்டுகளைப் பறிமுதல் செய்வதை நிறுத்தக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு.

ஐயா, வணக்கம்.

குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்களுக்கு ரசீது கையில் இருக்கிறது, பதில்தான் இன்னும் வரவில்லை. கடைசிக் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கும் சாவடி தாங்கள் பார்த்த இடம்தான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. மலையாளிப் பழங்குடி வைத்தியர்களான நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் அடிவாரச் சமுதாயக் கூடத்தில் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறோம். மூட்டு வலிக்கு நொச்சித் தழை ஒத்தடம், இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம், கை பிசகினால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. பாம்புக்கடி, பிரசவச் சிக்கல் என்றால் கை வைக்காமல் 108-க்குத்தான் போன் போடுகிறோம். பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டதால் பேச ஆளில்லாத கிழவிகள் ஒத்தடம் வாங்கும்போதே மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அதுவும் வைத்தியம்தானே ஐயா.

2. இதற்கான தழையும் வேரும் மேல்காட்டில்தான் இருக்கின்றன. கொண்டு வந்தால் சாவடியில் மூட்டையை அவிழ்த்து சிமெண்ட் தரையில் கொட்டுகிறார்கள். பொழுது விடியும் முன்பே ஏறிப் பறித்த ஆடாதோடை மதிய வெயிலில் சுருண்டு கிடக்கிறது, நன்னாரி வேர் பூட்ஸ் காலில் மிதிபடுகிறது, சாயங்காலம் "சரி, எடுத்துட்டுப் போ" என்கிறார்கள். எதை எடுத்துக்கொண்டு போக? எழுபது வயது தாண்டிய எங்கள் வைத்தியம்மாவை வெயிலில் நிற்க வைத்து, பேரன் வயசுப் பையன் "இது யார் சொத்து?" என்று கேட்கிறான். அன்று கூடத்தில் காத்திருந்தவர்கள் வெறும் வெந்நீர் ஒத்தடத்தோடு திரும்பினார்கள். வைத்தியம்மா இப்போது மேலே ஏறவே மாட்டேன் என்கிறார். அவர் ஏறாவிட்டால் எந்த வேரை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று சின்னப் பெண்களுக்கு யார் காட்டிக்கொடுப்பது?

3. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(1)(சி) பிரிவு, சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் எங்களுக்கு உரிமை தருகிறது. மூலிகை, வேர், கிழங்கு எல்லாம் அதில் அடக்கம். 2012-இல் திருத்திய விதிகளின்படி, கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டைக் கிராம சபை அமைத்த குழுவே கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டு, சமூக உரிமைக்கான 'பி' படிவமும் கொடுத்தாயிற்று. அது உட்கோட்ட அளவிலான வன உரிமைக் குழுவில் தூங்குகிறது.

4. அகத்தியமலைக் காணிப் பழங்குடிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை அடையாளம் காட்டியதால்தான் 'ஜீவனி' மருந்தே வந்தது. பழங்குடி அறிவு என்று மேடையில் பாராட்டுகிறீர்கள், அப்புறம் சாவடியில் ஏன் திருடர்கள் ஆக்குகிறீர்கள்?

5. மரம் வெட்டவில்லை. வேட்டையாடவில்லை. தழை ஐயா, தழை!

கோபத்தில் எழுதியதாகத் தோன்றினால் மன்னிக்கவும், கேட்பது பெரிதில்லை. கிராம சபைக் குழுவின் சீட்டை ஏற்கும்படி சாவடிக்கு எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள். உட்கோட்டக் குழுவில் கிடக்கும் படிவத்தைத் தங்கள் குழுவுக்கு வரவழையுங்கள். திரும்பவும் கேட்டுக்கொள்கிறோம், அந்த உத்தரவு முதலில் வரட்டும். மழை தொடங்கிவிட்டது, சளி இருமலோடு ஜனங்கள் கூடத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மலை வைத்தியர்களும் மகளிர் குழுவினரும்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகள், கிராம சபைத் தீர்மான நகல்