மூலையில் நிற்பவரின் மதிப்பு

20 ஜூலை 2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்க உன்னோடு சண்டையாகவே போனதால் கிழித்துப் போட்டுவிட்டேன். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பிடிமானம் இல்லாமல் படி ஏறுகிறேன், ஓடுவதற்கு மட்டும் இன்னும் ஐந்து மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். காலை நீட்டிப் படுத்திருக்கும் நேரமெல்லாம் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்போதும் போல என் அணி, என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்தான்.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுக்கிற ஜோர்டன் பூலை அனுப்பிவிட்டு 33 வயது மெக்காலமை வாங்கிய உன் வாஷிங்டன் அணி நிர்வாகத்துக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே, இருக்கிற டிராஃப்ட் வாய்ப்பு (வருடா வருடம் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் உரிமை) அத்தனையையும் கொடுத்தாவது ஒரு பெரிய நட்சத்திரத்தைக் கொண்டுவர வேண்டும் என்கிறாய். அதற்கு அடுத்த பக்கத்தில், பேசாமல் இன்னும் ஒரு வருடம் தோற்றுக்கொண்டே இருந்து, அதிகம் தோற்ற அணிக்குக் கிடைக்கக்கூடிய டிராஃப்டின் முதல் இடத்தைப் பிடிக்கலாம் என்கிறாய். இரண்டு வருடமாக 82 ஆட்டத்தில் 15 வெற்றி, 18 வெற்றி என்று பார்த்தவனுக்கு அப்படித்தான் மனசு அலையும். நானும் அதைப் பட்டவன்தான்.

முதலில் அந்த 20 புள்ளியைப் பற்றி. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில் ஒரு அணியின் கைக்குப் பந்து ஏறக்குறைய 100 முறை வருகிறது. அந்த நூறு முறையில் இன்றைய சராசரி அணி சுமார் 115 புள்ளி எடுத்துவிடுகிறது. அப்படியென்றால், 20 ஷாட் போட்டு 20 புள்ளி எடுத்தவர் மறுநாள் செய்தியில் பெரிய ஆளாகத் தெரிந்தாலும், அந்த இருபது முறையும் சராசரி ஆள் செய்திருக்கக்கூடியதை விடக் குறைவாகத்தான் செய்திருக்கிறார். எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்டால் போதாது, அதற்கு எத்தனை பந்து செலவானது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜோர்டனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 2022ல் கோல்டன் ஸ்டேட் அணி கோப்பை வென்றபோது அவருக்கு அதில் நல்ல பங்கு உண்டு. ஆனால் அங்கே நட்சத்திரம் ஸ்டீபன் கர்ரி இருந்தார். எதிரணியில் இரண்டு பேர் கர்ரியைத் துரத்திக்கொண்டு போனார்கள், ஜோர்டனுக்கு எதிரே பாதை காலியாகக் கிடந்தது. வாஷிங்டனில் அதே கை, அதே ஷாட்தான். அவருக்காகப் பாதையைத் திறந்துவிட யாரும் இல்லை. ஒரு ஆட்டக்காரரின் மதிப்பில் பாதியாவது அவரைச் சுற்றி நிற்கிற நாலு பேரிடம் இருக்கிறது என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் உன் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஒரு ஆட்டம், நான் ஊன்றுகோலோடு போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஆட்டம் முழுக்க அவள் எடுத்தது இரண்டே புள்ளி. வீட்டுக்கு வந்ததும் பையை மூலையில் வீசிவிட்டு, "நான் எதுக்குப்பா டீம்ல இருக்கேன்?" என்றாள். என் கையில் ஒரு நோட்டு இருந்தது. அவள் களத்தில் இறங்கும்போதும் வெளியே வரும்போதும் ஸ்கோர் என்ன என்று அதில் குறித்து வைத்திருந்தேன். முதல்முறை இறங்கும்போது அவள் அணி 9, எதிரணி 16. வெளியே வரும்போது 21க்கு 20. மறுபடி இறங்கும்போது 24க்கு 27, ஆட்டம் முடியும்போது 33க்கு 31. "நீங்க தப்பாக் கூட்டியிருப்பீங்க" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு தானே கூட்டினாள். முதல் தடவையில் எட்டு, இரண்டாவதில் ஐந்து. அவள் களத்தில் இருந்த நேரத்தில் அவள் அணி எதிரணியை விடப் பதின்மூன்று புள்ளி கூடுதலாக எடுத்திருந்தது.

அவள் செய்ததெல்லாம் நான் பார்த்தேன். பந்தோடு வருகிற பெண்ணை நடுவே விடாமல் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஸ்கிரீன் போட்டு, அதாவது தோழியைத் துரத்துகிறவளின் வழியை மறித்து நின்றாள். ஒருமுறை தன்னை விட ஒரு சாண் உயரமானவள் வந்து தோளில் மோதியும் காலை நகர்த்தவில்லை. அந்த ஒரு நொடியில் அவளுடைய தோழிக்கு ஷாட் போட இடம் கிடைத்தது. ஸ்கோர் ஷீட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இந்த பிளஸ் மைனஸ் கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது, அதையும் அவளிடம் சொன்னேன். எதிரணியின் நல்ல ஆட்டக்காரி ஃபவுல் வாங்கி வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் இவள் உள்ளே இருந்தாள். கூட ஆடுகிற நாலு பேர் பலமாக இருந்தால் சும்மா நிற்பவருக்கும் நல்ல எண் வந்துவிடும். அதனால்தான் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் ஒரு ஆட்டத்தை வைத்துப் பேசுவதில்லை. பல்லாயிரம் முறை பந்து கைமாறியதை எடுத்து, கூட யார் ஆடினார், எதிரே யார் நின்றார் என்று கழித்துப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்.

டெட்ராய்ட் ரசிகனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பென் வாலஸ். 1996 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 2000ல் டெட்ராய்டின் நட்சத்திரம் கிராண்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போனபோது பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர். வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 5.7 புள்ளிதான். ஃப்ரீ த்ரோவில் பாதி கூட உள்ளே போகாது. ஆனால் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நாலு முறை வாங்கினார், 2021ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். 2004 இறுதிப் போட்டியில் ஷாக், கோபி என்ற இரண்டு பெரிய நட்சத்திரங்கள் இருந்த லேக்கர்ஸ் அணியை டெட்ராய்ட் 4-1 என்று வென்றதே, அந்த அணியின் முதுகெலும்பு அவர்தான். புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து ஆள் எடுத்திருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 28 வரை டெட்ராய்ட் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது. அந்த நாட்களில் நீ எதுவும் பேசாமல் கூடவே இருந்ததை மறக்க மாட்டேன். 27வது தோல்வியில், புரூக்ளினுக்கு எதிராக எங்கள் முக்கிய ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி எடுத்தார், அப்படியும் தோற்றோம். அந்தப் பருவத்தில் மொத்தமே 14 வெற்றி, 68 தோல்வி. அவ்வளவும் முடிந்த பிறகு, 2024 ஜூலையில், அதே கன்னிங்ஹாமுக்கு ஐந்து வருடத்துக்கு 22 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். "14 ஆட்டம் ஜெயிச்சவனுக்கு இவ்வளவா?" என்று நீதான் கேட்டாய்.

எனக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். என்.பி.ஏ.யில் ஒரு ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் முதல் வருடத்தில், பொதுவாக அனுபவத்தைப் பொறுத்து, சாலரி கேப்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பில்) 25, 30 அல்லது 35 விழுக்காடு. ஒரு அணியின் விதியையே மாற்றக்கூடியவருக்கு அந்த வரம்பு மிகக் குறைந்த விலை. பணம் வீணாவது பெரும்பாலும் நடுவில் இருப்பவர்களிடம். யாரை வைத்தாலும் அதே வேலை நடக்கும் என்கிற இடத்துக்குப் பெரிய தொகையில் நாலு வருட ஒப்பந்தம் போடுவார்கள் பார், அங்கேதான் அணிகள் மாட்டிக்கொள்கின்றன.

அந்த 14 வெற்றி அணியின் பதிவையும் அடுத்த பருவத்துப் பதிவையும் போன வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆடுகிற முறை ஒன்றேதான். சக ஆட்டக்காரர் டூரன் ஸ்கிரீன் போடுகிறார், கேட் அவர் தோளை உரசிக்கொண்டு நடுவே வருகிறார். முதல் பதிவில், மூலையில் நிற்பவரைக் காக்க வேண்டிய எதிரணி ஆள் அவரை அப்படியே விட்டுவிட்டு ஒரு பாதத்தைக் கூடைக்கு முன்னால் இருக்கிற வண்ணக் கட்டத்துக்குள் வைத்து நிற்கிறார். மூலையில் இருப்பவர் போட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். கேட் உள்ளே நுழைந்தால் மூன்று பேர். இரண்டாவது பதிவில் அதே மூலையில் மலீக் பீஸ்லி. காக்கிறவர் ஒரு அடி உள்ளே வைக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். அந்த ஒரு அடிதான் கன்னிங்ஹாமுக்குக் கிடைத்த பாதை. பீஸ்லி பந்தைத் தொடவே இல்லை.

2024 கோடையில் டெட்ராய்ட் செய்த மாற்றங்களைப் பார். கோச் மான்டி வில்லியம்ஸின் ஆறு வருட ஒப்பந்தத்தில் ஒரே வருடம்தான் முடிந்திருந்தது, அவரை அனுப்பிவிட்டு பிக்கர்ஸ்டாஃபைக் கொண்டுவந்தார்கள். நிர்வாகத்தின் தலைமைக்கு டிரஜன் லாங்டன் வந்தார். ஆட்டக்காரர்களில் புதிதாக வந்து முக்கியமாக ஆடியவர்கள் டோபயஸ் ஹாரிஸ், பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர். யாரும் நட்சத்திரம் இல்லை. பீஸ்லிக்கு ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலர், என்.பி.ஏ. கணக்கில் சின்னத் தொகை. அவர் அந்தப் பருவத்தில் போட்டது 319 த்ரீ பாயிண்டர் (தூரத்தில் இருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்). ஹார்டவேயோடு டல்லாஸ் மூன்று இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் சேர்த்தே கொடுத்தது. அந்த மூவரும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்கள், போட வேண்டிய ஷாட்டைப் போட்டார்கள், சின்னப் பையன்களோடு பொறுமையாக ஆடினார்கள். 14 வெற்றி 44 ஆனது. முந்தைய 82 ஆட்டப் பருவத்தின் வெற்றிகளை மும்மடங்காக்கிய அணி என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் கிடையாது. ஜனவரி முதல் தேதி ஜேடன் ஐவியின் கால் உடைந்த பிறகும் அது நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபில், நியூயார்க்கோடு ஆடிய தொடரின் ஆறாவது ஆட்டத்தில் தோற்று வெளியே போனோம், 116-113. கடைசி நொடிகளில் நியூயார்க்கின் புரூன்சன் போட்ட அந்த ஷாட்டை இன்னும் மறுபடி பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

தோற்றுத் தோற்று முதல் இடம் பிடிக்கும் யோசனைக்கு வருகிறேன். 2019ல் வந்த டிராஃப்ட் குலுக்கல் விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஆளுக்கு 14 விழுக்காடுதான். குலுக்கலில் முதல் நாலு இடத்தை மட்டும் எடுப்பதால், கடைசி அணி ஐந்தாவது இடம் வரை இறங்க முடியும். டெட்ராய்ட் 2023லும் 2024லும் லீக்கிலேயே கடைசி, இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாவது இடம். 2025ல் உன் வாஷிங்டன் 64 தோல்விக்குப் பிறகு ஆறாவது இடத்துக்குப் போனது. முதல் இடம் 1.8 விழுக்காடு வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு. சரி, நல்ல இடம் கிடைத்தாலும் நல்ல ஆள் கிடைப்பார் என்று உறுதியா? 2003ல் இரண்டாவது இடத்தில் டெட்ராய்ட் டார்கோ மிலிசிச்சை எடுத்தது. அடுத்தடுத்து எடுக்கப்பட்டவர்கள் பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான கார்மெலோ, பாஷ், வேட்.

அதைவிட எனக்குக் கவலை இன்னொன்று. தோற்பதற்காகவே நடத்தப்படும் அணியில் இருபது வயதுப் பையன் கற்றுக்கொள்வது தப்பான பழக்கம். தடுப்பாட்டத்தில் திரும்பி ஓடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஆட்டம் முன்னமே கைவிட்டுப் போனதால் கடைசி நிமிடங்களில் அவசர ஷாட் போட்டாலும் யாரும் திட்டுவதில்லை. பிறகு அதை மாற்ற வருடங்கள் ஆகும்.

ஒரு இடத்தில் மட்டும் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. டெட்ராய்டிடம் ஏற்கனவே கேட் இருந்தார், 2021ல் முதல் இடத்தில் எடுத்தது. சுற்றி ஆள் வைத்ததும் அவர் மலர்ந்தார். வாஷிங்டனிடம் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இன்னும் தெரியாது. உங்கள் இளம் ஆட்டக்காரர் அலெக்ஸ் சார் முதல் வருடம் போட்ட ஷாட்டில் 40 விழுக்காடு கூட உள்ளே போகவில்லை. ஆனால் அவரைக் கடந்து உள்ளே போக எதிரணி யோசித்ததை நீயே எழுதியிருந்தாய். அவர் கைக்கு எத்தனை நல்ல பாஸ் வந்தது என்று யோசி. அணியின் மற்ற இளைஞர்கள் கூலிபாலி, கேரிங்டன், கிஷான் ஜார்ஜ் எல்லாருக்கும் இதே கேள்விதான். நல்ல பாஸ், திறந்த பாதை இரண்டும் இல்லாமல் இவர்களில் யார் எப்படி என்று எடைபோட முடியாது. அதனால்தான் மெக்காலம் வந்தது எனக்குச் சரியாகப் படுகிறது. தூரத்தில் இருந்து போடுவார், அவரை விட்டு நகர முடியாது. ஒப்பந்தமும் 2026 கோடையில் முடிகிறது, ஜோர்டனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒரு வருடம் இந்தப் பையன்களை விவரம் தெரிந்தவர்கள் நடுவே ஆட விடுங்கள் என்பேன். இப்போது எல்லா டிராஃப்ட் வாய்ப்பையும் கொட்டி ஒரு நட்சத்திரத்தை வாங்கினால், அவரைச் சுற்றி நிற்க ஆள் இருக்காது. 41 புள்ளி எடுத்து 27வது ஆட்டத்தையும் தோற்ற கேட் மாதிரி நிற்பார்.

டெட்ராய்ட் மயாமியில் இருந்து டங்கன் ராபின்சனை எடுத்திருக்கிறது. அதே மூலைக்கு இன்னொரு ஆள் என்றுதான் நினைக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் பருவம் தொடங்கியதும், முதல் ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்காதே. அலெக்ஸ் சாரையும் அவரைக் காக்கிற எதிரணி ஆளையும் மட்டும் பார். காக்கிறவரின் கால் எங்கே இருக்கிறது, எப்போது உள்ளே போகிறது, எப்போது தயங்குகிறது என்று எழுதி அனுப்பு. நானும் ராபின்சனுக்கு அதையே செய்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். என் நோட்டை உன் மருமகள் எடுத்து வைத்துக்கொண்டாள், அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரும்போது தோழிகளுக்கெல்லாம் அவளே குறிக்கப் போகிறாளாம். எனக்கு வேறு நோட்டு வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்