செயலாளரின் ஆண்டறிக்கை: ஞாயிறு ரைடும் தறிக்கூடத்து டிரெய்னர் அறையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கமுங்க. ‘வந்திருக்கும்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தியே வாசிக்கிறேன். குறித்த நேரத்தில் கோரம் சேராமல், அரை மணி நேரம் ஒத்திவைத்துக் கூடியிருக்கிற நம் சைக்கிள் சங்கப் பொதுக்குழு இது.

ஞாயிறு ரைடுகள் வழக்கம்போல் நடந்தன. ஆழியாறிலிருந்து வால்பாறை மலைச்சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறப்பட்டன. ஆடிக் காற்றில் உடுமலைப் பக்கம் போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் விவாதம் நடந்தது, ரைடு நடக்கவில்லை. முதலுதவி வகுப்பு ஒன்று நடந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் கொடுத்தோம். அன்று மட்டும் முழு வருகை.

இனி, சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடத்தில் அமைத்த டர்போ டிரெய்னர் அறை. டிரெய்னர் என்பது சைக்கிளை மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கிற கருவி. “சந்தாப் பணத்தைக் கொண்டுபோய் ஓடாத சைக்கிளில் போட்டுவிட்டார்” என்று டீக்கடையில் பேசுவது என் காதுக்கும் வருகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 200 கிலோமீட்டர் பிரெவேவை (நேரக் கெடு வைத்த நெடுந்தூர ரைடை) 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நீங்கள். வேலை முடிந்து வீடு சேர ஏழு மணி ஆகிறது, இருட்டில் லாரிகளோடு சைக்கிள் ஓட்ட முடியவில்லை, ஐப்பசி கார்த்திகையில் மழை விடுவதில்லை என்று சொன்னதும் நீங்கள்தான். டிரெய்னர் அறைக்குத் தீர்மானம் போட்டபோது ஒரு கைகூட எதிர்த்து எழவில்லை.

தறிகளைக் கழற்றிய தரையில் போல்ட் குழிகள் இருந்தன. டிரெய்னரின் ஒரு கால் குழியின் விளிம்பில் நின்றாலும் எழுந்து மிதிக்கும்போது வண்டி ஆடும், அந்த ஆட்டம் பின் ஃபிரேமில்தான் இறங்கும். குழிகளைச் சிமெண்ட் கலவையால் அடைத்து ரசமட்டம் பார்த்தோம். அதன்மேல் விரித்திருப்பது மாட்டுத் தொழுவத்துக்கு விற்கிற தடித்த ரப்பர் மேட். உடற்பயிற்சிக் கடை மேட்டைவிடக் கனமானது, நகராது, அதிர்வையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். சைக்கிள் சங்கத்துக்குக் கால்நடைப் பொருள் எதற்கு என்று தணிக்கையாளர் ரசீதைப் பார்த்துக் கேட்டார். இதுதான் பதில்.

இருப்பது நான்கு டிரெய்னர். மூன்று, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டுகிற டைரக்ட் டிரைவ். ஒன்று, சக்கரத்தோடு ஏற்றி டயரை உருளையில் அழுத்துகிற பழைய உருளை வகை.

டைரக்ட் டிரைவில் இந்த ஆண்டு வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) மாட்டியதில் வந்தவை. நம் டிரெய்னர்களின் ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் குழல்) ஷிமானோ கம்பெனியின் 11 ஸ்பீடு, அதாவது 11 பல்சக்கர, அளவு. அதில் 8, 9, 10 ஸ்பீடு கேசட் போட்டால் உள்பக்கம் 1.85 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கேசட்டைப் பூட்டுகிற லாக்ரிங் முழுக்க இறுகியும் கேசட் பக்கவாட்டில் ஆடும், கியர் தானாகத் தாவும். 11 ஸ்பீடு என்றால் ஸ்பேசர் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அதிலும் ஷிமானோவின் 11-34 பல் கேசட்டுக்கு ஸ்பேசர் வேண்டும், பெட்டிக்குள்ளேயே வரும். அதை வாஷர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். முறுக்கின் அளவு காட்டுகிற டார்க் ரென்ச் கைக்குக் கிடைக்காத நாளில், ஒரு அடி நீளப் பிடியின் நுனியில் 13, 14 கிலோ தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு. இறுக்கியதும் கேசட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஏறி உட்காராமல் கழற்றுங்கள்.

சைக்கிளை மாட்டும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். குயிக் ரிலீஸ் (நெம்பிக் கழற்றும் மெல்லிய அச்சு) வண்டிக்கு 130 அல்லது 135 மி.மீ. அகல அடாப்டர், த்ரூ ஆக்ஸில் (திருகிப் பூட்டும் தடித்த அச்சு) என்றால் பெரும்பாலும் 12 மி.மீ. தடிமனுக்கு 142 மி.மீ. அகலம். எல்லாம் சுவரில் தனித்தனி டப்பாவில் இருந்தன. இப்போது ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றன. டிரெய்னர் கேசட்டும் உங்கள் சக்கரத்துக் கேசட்டும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் உட்காரும். கியர் கரகரத்தால் கியர் மாற்றுகிற டெரெய்லரின் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இறுக்கும் திருகை) கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் போதும், செயின் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றிய பிறகு பின் பிரேக்கை அமுக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் நுழையாது. பேடுகளுக்கு நடுவே காலண்டர் அட்டையை மடித்துச் செருகினால் வேலை முடிந்தது.

உருளை டிரெய்னருக்கு வேறு கணக்கு. அதோடு வந்த, சக்கர அச்சுக்குள் செருகுகிற இரும்பு ஸ்க்யூவரைத்தான் போட வேண்டும். நம் வண்டியில் இருக்கும் அலாய் ஸ்க்யூவரின் முனை டிரெய்னர் கிண்ணத்தில் சரியாக உட்காராது, நசுங்கவும் செய்யும். டயரில் ஒவ்வொரு முறையும் ஒரே காற்று, 100 பிஎஸ்ஐ என்று வைத்திருக்கிறோம். உருளையைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயர் வழுக்கினால் குமிழை இன்னும் அரைச் சுற்று இறுக்குங்கள். வழுக்கவிட்டு மிதித்தால் டயர் தேய்ந்து கறுப்புத் தூளாகக் கொட்டும். அளவெடுப்பதற்கான ஸ்பின்டவுனை (வேகமெடுத்து, மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தானாக நிற்கவிடுவதை) பத்து நிமிடம் மிதித்துச் சூடேறிய பிறகே செய்யுங்கள், ஏனென்றால் டயரும் உருளையும் சூடாகும்போது இழுவை மாறுகிறது. குளிர்ந்த டயரில் ஸ்பின்டவுன் செய்துவிட்டு “நேத்தைக்கு 230 வாட், இன்னைக்கு 205, மெஷின் சரியில்லைங்க” என்று எனக்குப் போன் செய்வதில் பயனில்லை.

வாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. கிராங்கில் (பெடல் தண்டில்) வாட் அளக்கிற பவர் மீட்டர் வைத்திருப்பவருக்கும் டிரெய்னருக்கும் சில வாட் வித்தியாசம் வரத்தான் செய்யும். செயினிலும் பற்களிலும் கொஞ்சம் இழப்பு, இரண்டு கருவிக்கும் அதனதன் பிழை அளவு. எதைப் பிடித்தாலும் அதையே ஆண்டு முழுக்கப் பிடியுங்கள்.

எர்க் மோடில் பாதி வழியில் கால் நின்றுபோவதாகப் புகார் வந்தது. அந்த மோடில் நாம் எப்படி மிதித்தாலும் மெஷின் குறித்த வாட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 200 வாட்டை நிமிடத்துக்கு 90 சுற்றில் மிதித்தால் கிராங்கில் 21 நியூட்டன் மீட்டர். சுற்று 60-க்கு இறங்கினால் அதே 200 வாட்டுக்கு 32. கால் தளரத் தளர மெஷின் இறுகும், இறுக இறுகக் கால் இன்னும் தளரும். அந்த இடத்தில் முக்கி மிதிப்பதில் அர்த்தமில்லை. சில விநாடி எர்க்கை அணைத்து, சுற்றை 90-க்குக் கொண்டுவந்து மறுபடி போடுங்கள். முன்னால் சின்ன செயின்ரிங், பின்னால் நடுப் பல் வைத்துக்கொண்டால் சத்தமும் குறையும்.

சிக்னல் சிக்கலுக்கும் மெஷின் மேல்தான் பழி. ஆன்ட் பிளஸ் (பயிற்சிக் கருவிகளின் வயர்லெஸ்), புளூடூத், வைஃபை என்று பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிக்கின்றன. சிக்னல் வாங்குகிற யுஎஸ்பி டாங்கிளை கம்ப்யூட்டரின் பின்னால் இரும்பு மேஜைக்கு அடியில் செருகினால் துண்டிக்கத்தான் செய்யும். இரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டு டிரெய்னர் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. இரண்டாவது, பாக்கெட்டில் இருக்கிற போன் முதலில் புளூடூத்தைப் பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு டிரெய்னர் கண்ணில் படாது. மூன்றாவது, பக்கத்து ஆளின் டிரெய்னரை இணைத்துவிடுவது. ஸ்விஃப்ட் என்ற ஆப் திரையில் காட்டும் ஏற்றத்துக்குத் தக்கபடி டிரெய்னரை இறுக்கும்; ஆகவே ஒருவர் திரையில் மலை ஏறுகிறார், அடுத்தவர் காலில் அம்மிக்கல்லைக் கட்டியதுபோல் ஆகிறது. “ஏனுங் மாப்ள, உங்க மலைய நாந்தான் ஏறிட்டிருக்கனுங்களா?” என்ற கேள்வி அறையில் பழமொழியாகிவிட்டது. ஒவ்வொரு டிரெய்னரிலும் அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு இணைக்கவும்.

சூடு. 200 வாட் மிதிக்கிற உடம்பு 600 முதல் 800 வாட் வரை சூட்டை வெளியே தள்ளுகிறது. மிதித்த 200-ம் கடைசியில் டிரெய்னரில் சூடாகத்தான் போகிறது. நாலு பேர் மிதித்தால் ஓட்டுக் கூரைக்குக் கீழே மூன்று நான்கு இஸ்திரிப் பெட்டியை எரியவிட்டதற்குச் சமம். ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கிற காற்று இங்கே இல்லை. ஆகவேதான் ஆளுக்கொரு பெடஸ்டல் ஃபேன், நெஞ்சு உயரத்தில், நேர் எதிரே. ஃபேன் ஆடம்பரம் என்ற உறுப்பினர் சித்திரை மாதம் இரண்டு ஃபேனைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், அல்லது உப்பு போட்ட நீர்மோர் குடியுங்கள்.

அந்த வியர்வை சொட்டுகிற இடங்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட், அதன் கீழே ஹெட்செட் மேல் பேரிங், கைப்பிடியில் சுற்றிய பார் டேப்புக்கு அடியில் இருக்கும் அலுமினியம். மூன்றையும் உப்பு அரிக்கும். டேப்புக்கு அடியில் அரிப்பது கண்ணுக்கும் தெரியாது. ஹேண்டில்பாரில் சென்னிமலைத் துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் நனைத்த பனியன் வேஸ்டால் துடைத்து, பிறகு காய்ந்ததால் துடையுங்கள். மூட்டை மூட்டையாகத் திருப்பூரிலிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். அதைச் சொந்த பைக் துடைக்க எடுத்துப்போவது சங்க விதியில் இல்லை.

கரண்ட் நின்றால் டிரெய்னரில் இறுக்கம் சட்டென்று விட்டுப்போய்க் கால் சுழன்றுவிடும். எழுந்து மிதிக்கிற நேரமாக இருந்தால் முழங்காலுக்கு ஆபத்து. அடாப்டர்களையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் கொடுத்ததற்கு இதுதான் காரணம், செல்போன் சார்ஜ் போடுவதற்கு அல்ல.

கேலிப் பேச்சு அறையின் உயிர், அதைத் தடுக்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் இரண்டு சண்டையை முடித்துவைக்கிறேன். ஒன்று, எடை. ஆப்பில் ஏற்றத்தில் வேகம் கிலோவுக்கு எத்தனை வாட் என்பதைப் பொறுத்தது. 200 வாட்டுக்கு 80 கிலோ என்றால் 2.5, 72 என்று போட்டால் 2.8-ஐத் தொடும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் அதே 68 கிலோ போடுகிற அண்ணன்மாருக்காக, தறிக்கூடத்தில் நூல் மூட்டை நிறுத்த பழைய தராசைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். இரண்டு, “50-ல வெச்சு ஏறுனதெல்லாம் ஏறுனதே இல்லீங்க” என்ற வாதம். ஸ்விஃப்டில் டிரெய்னர் டிஃபிகல்ட்டி (ஏற்றத்தில் எத்தனை பங்கைக் காலுக்குக் காட்டுவது என்ற அமைப்பு) 50 சதவீதம் என்றால் 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 சதவீதம்போல் தெரியும், அவ்வளவே. உச்சிக்குப் போக வேண்டிய வாட் குறையாது, கியர் மாற்றுவதுதான் குறையும். அந்த ஆப்பில் உள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலைச்சாலையின் 21 வளைவையும் 50-ல் ஏறியவர் ஏறியவரே. அவர் அடுத்த ஞாயிறு வால்பாறைக்கு வராததுதான் என் வருத்தம்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. சுருக்கமாக, செலவு வரவைச் சற்றே முந்திவிட்டது. சந்தா பாதிக்கு மேல் நிலுவை. 200 கிராம் குறைகிறது என்று புது சீட் போஸ்ட் வாங்குகிறவர்கள், சந்தா என்றதும் “அடுத்த மாசம் பார்க்கலாமுங்க” என்கிறார்கள். நிலுவை வைத்திருப்போர் பட்டியலை அறைச் சுவரில் ஒட்டலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. செயற்குழுவிலும் நிலுவை இருக்கிறது.

இடம் கொடுத்த உறுப்பினருக்கும், குழி அடைத்த மேஸ்திரிக்கும், அடாப்டர் புஷ் கடைந்து கொடுத்த கணபதி லேத் பட்டறைக்காரருக்கும், பொருளாளருக்கும் நன்றி. வராதவர்களுக்கும் நன்றி; மேட் தேயவில்லை.

அடுத்த ஆண்டு நிலவரத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் எண் டிரெய்னரில் பெல்ட் கீச்சிடத் தொடங்கியிருக்கிறது. மூன்று கேசட்டும் தேய்ந்துவிட்டன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லை நான் கையிலிருந்து கட்டியதும் உண்டு, அதை இங்கே கணக்காகக் கேட்கவில்லை. வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் அறைச் சாவியையும் டார்க் ரென்ச்சையும் இன்றே ஒப்படைக்கத் தயார். எவரும் முன்வராவிட்டால் கூட்டத்தின் விருப்பம்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். டிபன் அவருக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்