அம்மாயியின் 80ஆவது பிறந்தநாளுக்கு

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். கால் பிடித்துவிடும் மெஷின், தங்கக் காசு, பெரிய போன். கட்டார் வெயிலில் உழைத்த காசை அம்மாயிக்காகச் செலவழிக்க நினைக்கிறாயே, அதிலேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் வாங்குவதற்கு முதல் நான் சொல்வதைக் கேள் தம்பி. ராத்திரி பகலாக உன் அம்மாயியோடு, என் அம்மாவோடு, இருக்கிறவள் நான்.

திகதி சரியா என்று கேட்டிருந்தாய். அம்மாயியின் பழைய அடையாள அட்டை நம்பர் 46574 என்று தொடங்குகிறது. 46 என்றால் 1946. பெண்களுக்கு நாள் கணக்கோடு 500 கூட்டிப் போடுவார்கள். அதைக் கழித்தால் 74ஆவது நாள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்துத்தான் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் மார்ச் 14. மாசி முடிகிற நேரம் பிறந்தேன் என்று அம்மாயியும் சொல்வதால் இதையே வைத்துக்கொள்வோம். இத்தனை வருசத்தில் அந்த நாளை யாரும் கொண்டாடியதில்லை. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து போகும்போது வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்பார். யார் யார் பெயரோ வரும். அதனால்தான் இந்த 80ஐ நாம் சும்மா விடக்கூடாது.

தங்கம் வேண்டாம். அது டிரங்குப் பெட்டிக்குள்தான் போகும். நீ போன முறை கொண்டுவந்த கம்பளிச் சால்வை இன்னும் மடிப்புக் கலையாமல் அதற்குள்தான் இருக்கிறது. போனும் வேண்டாம். தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய விரல்கள் அவை. என் போனைத் தொட்டால் சில நேரம் அசையவே மாட்டேன் என்கிறது. இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குச் சரிவராது" என்று தள்ளி வைத்துவிடுவார்.

மெஷினுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். சீனி வருத்தம் உள்ள காலில் உணர்ச்சி குறைவு. சூடு கூடினாலும் அமுக்கம் கூடினாலும் உடனே தெரியாது. தெரிய வரும்போது புண்ணாகியிருக்கும், சீனிக்காரருக்குப் புண் லேசில் ஆறாது. சுடுதண்ணிப் பையைக்கூட நான் துணி சுற்றித்தான் வைக்கிறேன், அதையும் தூங்குவதற்கு முதல் எடுத்துவிடுவேன்.

ஆனால் கால்தான் முக்கியம் என்று நீ நினைத்தது சரி. பதினாலு வயதில் மலைக்கு ஏறிய கால். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, கொட்டும் மழையில் வெறுங்காலோடு நிரை ஏறி இறங்கி, பாதம் அகலமாக விரிந்துவிட்டது. பெண்கள் செருப்பு எதைப் போட்டாலும் சின்ன விரல் வெளியே நிற்கிறது. அதனால் வீட்டில் என் பழைய செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறார். நம் தோட்டத்து லய வீட்டுப் படி உனக்குத் தெரியும். மே மாதம் மழை தொடங்கினால் பாசி பிடித்துவிடும். கக்கூசுக்குப் போக அந்தப் படியில் இறங்கித்தான் ஆக வேண்டும். இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்து படுத்தால் எழும்புவது கஷ்டம். போன மழைக்கு மேட்டு லயத்தில் ஒருவர் அப்படி விழுந்ததிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கமே பாதிதான்.

ஆகவே செருப்புதான் வாங்க வேண்டும். அங்கிருந்து அனுப்பாதே, போட்டுப் பார்க்காமல் வாங்கினால் வீண். அம்மாயியை ஹட்டனுக்குக் கூட்டிப்போய், பின்னால் வார் உள்ளதாக, முன்பக்கம் அகலமானதாக, அடி ரப்பர் நல்ல வெட்டு வெட்டாக இருப்பதாகப் பார்த்து வாங்குகிறேன். சாயந்தரம்தான் போக வேண்டும். பிரஷர் குளிசையால் பின்னேரமானால் கணுக்கால் வீங்கும், அந்த அளவுக்குத்தான் செருப்பு வேண்டும். நீ அங்கிருந்து அனுப்புவதானால் இரண்டு சோடி காலுறை அனுப்பு. வாய்ப்பக்கம் இறுக்கமில்லாமல், அடியில் ரப்பர் புள்ளி வைத்ததாக இருக்கட்டும். வெறும் காலுறை சிமெந்துத் தரையில் வழுக்கும். ஆள் நடந்தால் தானாகப் பற்றும் பற்றரி லைட் ஒன்றும் வேண்டும். வாசல் இஸ்தோப்பில் மாட்டலாம், கரண்ட் போனாலும் எரியும். சொக்லட் டின் எதுவும் வைக்காதே. உனக்காகவே சாப்பிட்டுவிடுவார்.

இதெல்லாம் தேவைக்கு. அம்மாயி ஆசைப்படுவது வேறு. அதையும் நான் கேட்டு வைத்திருக்கிறேன்.

பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் இருப்பது உனக்குத் தெரியும். 1960களின் கடைசியில் அணை கட்டித் தண்ணி நிறைத்தபோது கோயில், பள்ளிவாசல், பௌத்த பன்சலை, கடைத்தெரு எல்லாம் மூழ்கின. அம்மாயியின் கழுத்தில் தாலி ஏறியது அந்தக் கோயிலில்தான். அவருக்குப் பக்கத்தில் தோழியாக நின்றது உன் சின்னம்மாயி. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, நம்மைப் போல இந்திய வம்சாவளி ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்களே, அந்தக் கணக்கில் சின்னம்மாயி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. இன்று கோத்தகிரியில் இருக்கிறார், அங்கேயும் தேயிலைதான். அக்கா இங்கே, தங்கச்சி அங்கே என்று ஒரே வயிற்றில் பிறந்தவர்களைப் பிரித்துப் போட்ட ஒப்பந்தத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மழை இல்லாத மார்ச், ஏப்ரலில் தண்ணி இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். இந்த வருசம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மாயி, "ஒரு தரம் பார்த்தா போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உன்னிடம் கேட்க மாட்டார், செலவு என்று நினைப்பார்.

வான் வண்டிக்கு மட்டும் காசு அனுப்பு. 14ஆம் திகதி சனிக்கிழமை. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் சனி, ஞாயிறில் மஸ்கெலியா - நல்லதண்ணி ரோட்டில் வாகனம் நகராது. அதனால் முதல் நாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே போவோம், உனக்கும் அன்றைக்கு லீவுதானே. சேற்றில் இறங்க விடமாட்டேன், கரையில் கதிரை போட்டு உட்கார வைக்கிறேன். அங்கிருந்து சின்னம்மாயிக்கு வீடியோ கோல் எடுத்து, நீயும் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். போனைக் கோயில் பக்கம் நான் பிடிக்கிறேன். அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கட்டும். தண்ணி இறங்காமல் இருந்தாலும் கோல் எடுப்போம், இடத்தை அம்மாயி கையை நீட்டிக் காட்டுவார்.

கோத்தகிரியில் சின்னம்மாயியின் பேரனோடு நீதான் பேசி வைக்க வேண்டும், எனக்கு அந்த மூன்று பேர் கோல் எடுக்கத் தெரியாது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம், உனக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தும். இங்கே பத்து மணி என்றால் உனக்கு ஏழரை. அலாரம் வைத்து எழும்பு.

அன்புடன்,
அம்மா