சனிக்கிழமை படம் – எல்லாரும் கட்டாயம் வாங்க

பங்காளிகளே, வணக்கம். நம்ம மாப்பிள்ளை கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி நாம மட்டும் உட்காரணும். சனிக்கிழமை 7 மணிக்கு, கானாடுகாத்தான் வீட்டு முகப்புல திரை கட்டுறோம்.

படம் ‘ஐ லவ் யூ, மேன்’, 2009-ல வந்தது. பால் ரட், ஜேசன் சீகல் நடிச்சது. கல்யாணம் நிச்சயமான ஒருத்தன், மாப்பிள்ளைத் தோழனா நிக்க ஒரு நண்பன்கூட இல்லைன்னு தெரிஞ்சு, ஆள் தேடிக் கிளம்புறான். வீடு விக்கிறது அவன் தொழில். விலைக்கு வந்த வீட்டைச் சுத்திப் பாக்கிற சாக்குல ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த ஒருத்தன்தான் கடைசியில உயிர் நண்பனாகிறான். சிரிச்சு வயிறு வலிக்கும். ஆனா முப்பது வயசுக்கு மேல ஒரு ஆம்பளை புதுசா நட்பு தேடுறது எவ்வளவு கூச்சமான காரியம்னு இவ்வளவு கனிவா வேற எதுலயும் நான் பாத்ததில்லை. பேச்சு கொஞ்சம் பச்சையா இருக்கும், பிள்ளைகளைக் கூட்டிட்டு வர வேண்டாம்.

நம்ம பக்கம் இசைகுடிமானம்னு கல்யாண ஒப்பந்தம் எழுதுறதுல இருந்து, தாலி கட்டுற திருப்பூட்டு வரைக்கும் எல்லாத்துக்கும் பெரியவங்க இருக்காங்க. ஆனா பக்கத்துல நிக்க ஒரு தோழன் வேணும். என் கல்யாணத்தன்னைக்குக் கை நடுங்கி வேட்டி நிக்கல. முட்டி போட்டு உட்கார்ந்து மடிப்பை நீவி, பெல்ட்டை இறுக்கிவிட்டது இந்த மாப்பிள்ளைதான். அதை நான் மறக்கல.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வீட்டுல சொல்லியாச்சு. வர்றவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள இங்கேயே சொல்லிடுங்க. காரைக்குடியில இருந்து வண்டி 6 மணிக்குக் கிளம்பும்.