பெண்கள் கழிப்பறையைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய விடுதி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் வழியில், நத்தம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் நம் நகரத்தார் விடுதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். விவரம் உங்களுக்குத் தெரியும், போன தைப்பூசத்திலேயே நேரில் சொன்னோம். இந்த ஆண்டும் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடந்தது.

குன்றக்குடியில் கிளம்பி சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி வழியாக அங்கே வந்து சேர்வதற்குள் கால் கொப்புளித்துவிடும். அதில் எங்களுக்குக் குறையில்லை, முருகனுக்காக நடக்கிறோம். ஆனால் அன்று எங்களோடு வந்த ஆச்சி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், நீர்மோரை நீட்டியதும் வேண்டாமென்று தலையாட்டினார். உதடு வெடித்திருந்தது. மதியத்திலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். "குடிச்சா எங்கிட்டு ஆத்தா போறது?" என்றார். விசாரித்தால், எங்கள் குழுவில் பல பெண்கள் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறார்கள். வெயிலில் நடக்கிறவர்கள் இப்படி இருந்தால் மயக்கம் வராதா, நீர்க்கடுப்பு வராதா?

காவலாளியிடம் கேட்டோம். காரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது, சாவி தன்னிடம் இல்லை என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியில் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர்தான் தன் வீட்டைத் திறந்துவிட்டார். தெருக்குழாயில் எப்போதாவது வரும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த குடங்களை எங்களுக்கே காலி செய்தார். நம் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் பாக்குமட்டைத் தட்டையும் பேப்பர் கப்பையும் கூட்டி அள்ளுவதும் அந்த ஊர்க்காரர்கள்தான். இது நமக்குத் தலைகுனிவு.

காசி வரைக்கும் சத்திரம் கட்டியவர்கள் நம் முன்னோர். 400 ஆண்டு மரபு என்று காவடியைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த வழியில் விடுதி கட்டி, பளிங்குக்கல் பதித்து, நன்கொடையாளர் பெயரைச் சுவர் முழுக்கப் பொறித்து, நடந்து வருகிறவளைப் புளியமரத்துக்குப் பின்னால் அனுப்பினால் அது என்ன தர்மம்?

சரி, கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, காவடி போகும் நாட்களிலும் திரும்பும் நாட்களிலும் பெண்கள் கழிப்பறையை இரவும் பகலும் திறந்து வையுங்கள். சாவியையும் துப்புரவுப் பொறுப்பையும் அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுத்து, உரிய கூலியும் கொடுங்கள். செலவில் எங்கள் குழு பங்கு போடத் தயார். அடுத்த தை பிறப்பதற்குள் ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து நடந்து வரும் பெண்களில் ஒருத்தி