ட்ரோன் மோட்டார் இங்கேயே உருவாகட்டும்

ஆசிரியருக்கு, காலாட்படை பட்டாலியன்களில் ட்ரோன் பிளாட்டூன் (ட்ரோன் இயக்கும் சிறு படைப்பிரிவு) அமைவது பற்றிய செய்தி படித்தேன். 2025 ஜூலையில், கார்கில் வெற்றி நாளன்று தரைப்படைத் தளபதி அறிவித்த திட்டம் இது. நல்ல முடிவு. ஆனால் ட்ரோன், துப்பாக்கி மாதிரி ஆண்டுக்கணக்கில் உழைக்காது. உக்ரைன் போரில் தோட்டாவைப் போல நாள்தோறும் செலவாகிறது. உதிரிபாகத்துக்கு வெளிநாட்டை நம்பினால் சண்டை நேரத்தில் என்ன செய்வது?

வயலுக்கு மருந்தடிக்க நான் ட்ரோன் வைத்திருக்கிறேன். போன குறுவையில் அதன் மோட்டார் கருகி, செம்புச் சுருள் கறுத்துப்போனது. சீனாவிலிருந்து மாற்று மோட்டார் வர 24 நாள். அதற்குள் புகையான் பூச்சி அரை ஏக்கர் நெல்லை முடித்துவிட்டது. எல்லையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஆகக் கூடாது. பம்ப்செட் மோட்டாருக்குப் பேர்போன கோவை, ராணுவத் தளவாட உற்பத்திக்கென அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்திலும் இருக்கிறது. அங்குள்ள சிறு பட்டறைகளுக்கு ட்ரோன் மோட்டார் ஆர்டரையும் சோதனைக்கூட வசதியையும் அரசு தரவேண்டும்.

- ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்