வளைக்குள் இருவர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டு அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கூடத்தைக் கடந்தாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இங்கிருந்தும் ஒரு நல்ல செய்தி சொல்லவேண்டும் என்று ஆசை, அதனால் தள்ளிப்போட்டேன். இன்று மத்தியானம் அந்தச் செய்தி கிடைத்தது.

இரண்டு உடும்புக் குட்டிகள் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? அவை வந்து இன்றோடு 26 நாள். ஆக்கி என்று வளர்ப்பவர்கள் கூப்பிடும் சிறிய இனம். வாரனஸ் அகாந்துரஸ் என்பது விலங்கியல் பெயர். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பாறைகள் நிறைந்த வறண்ட நிலங்களில் வாழ்பவை. நீ பயந்ததுபோல் ஆளுயரம் வளராது. முழுசாக வளர்ந்தாலும் மூக்கிலிருந்து வால் நுனிவரை 60, 70 சென்டிமீட்டர்தான், அதிலும் பாதிக்கு மேல் வால். இரண்டுமே வளர்ப்பில் முட்டையிலிருந்து பொரித்தவை, முறையான தாள்களோடு வந்தவை. காட்டில் பிடித்ததை நான் தொடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அவை வருவதற்கு மூன்று வாரம் முன்பே கூண்டைத் தயார் செய்துவிட்டேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், முன்பக்கம் கண்ணாடி. உள்ளே 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து கொட்டியிருக்கிறேன். அந்த மண் மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் இருக்கும், அதனால் தரைத்தளத்தில்தான் வைக்க முடிந்தது. இவ்வளவு மண் எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வெயில் நிலத்து விலங்குதான், ஆனால் அது பகலின் பெரும்பகுதியைக் கழிப்பது வளைக்குள்ளேயும் பாறை இடுக்கிலும். மேல்மண் காய்ந்து கிடந்தாலும் வளையின் அடியில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் இல்லாவிட்டால் உடம்பில் நீர் வற்றும், தோல் சரியாக உரியாது. உரியாத தோல் விரல்களில் வளையம்போல் இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கடைசியில் விரலே போய்விடும். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில்தான் தோண்டிய வளை இடியாமல் நிற்கும்.

அடுத்தது சூடு. ஒரு முனையில் தட்டையான கல், அதற்கு மேல் விளக்குகள். கல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ். நம் கையை வைக்க முடியாது. மறுமுனை 26 டிகிரி. காற்றின் வெப்பத்தை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கல்லை நோக்கிப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். உடும்பு வந்து கல்லில் படுக்கும், சில நிமிடத்தில் வேண்டிய சூட்டை ஏற்றிக்கொண்டு இரை தேடப் போய்விடும். நாள் முழுக்க அங்கேயே கிடக்கிறது என்றால் நிம்மதியாக வெயில் காய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, பெரும்பாலும் கல்லின் சூடு போதவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, இதெல்லாம் அளந்து செய்கிற வேலை. கஷ்டம் அதற்கு அப்புறம்தான்.

முதல் நாள் துணிப்பையைக் கூண்டுக்குள் வைத்து, வாயை அவிழ்த்துவிட்டு விலகிவிட்டேன். இரண்டும் ஓடிப்போய் மண்ணுக்குள் புகுந்தன. கண்ணாடியில் காகிதம் ஒட்டி, எட்டிப் பார்க்க ஒரு சாண் மட்டும் விட்டுவைத்தேன். தினமும் விளக்கு நன்றாகச் சூடேறிய பிறகு, கால்சியம் பொடி தூவிய சுவர்க்கோழிகளை விட்டுவிட்டு வந்துவிடுவேன். மூன்றாம் நாளே பெரியது தலைகாட்டியது. சின்னதைக் காணவே இல்லை.

ஆறாம் நாள் ஒரு தப்பு செய்தேன் முருகேசா. உள்ளேயே செத்துக் கிடக்குமோ என்ற பயம் ராத்திரி தூங்கவிடவில்லை. காலையில் கையால் வளையைத் தோண்டினேன். ஒன்றரை அடி உள்ளே, உயிரோடு, நல்லபடியாக இருந்தது. உடம்பை ஊதிப் பக்கச் சுவரோடு நெருக்கிக்கொண்டு, முள் முள்ளான வாலை என் பக்கம் நீட்டி வழியை அடைத்துச் சீறியது. பாறை இடுக்கில் எதிரி வந்தால் இந்த இனம் செய்வது அதுதான். உடும்புப் பிடி என்று நாம் சும்மாவா சொல்கிறோம். கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அது ஐந்து நாளாகத் தோண்டிய வளை இடிந்துவிட்டது. புதிய இடத்தில் அதற்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த வளைதான், அதை நானே இடித்தேன். அப்புறம் ஒன்பது நாள் அதன் நிழலைக்கூடப் பார்க்கவில்லை. மணலில் காலையில் தெரியும் வால் கோட்டை வைத்துத்தான் நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு என் வழக்கத்தை மாற்றினேன். கூண்டுக்குள் கை விடுவது தண்ணீர் மாற்றவும் எச்சம் எடுக்கவும் மட்டும், அதுவும் ஒரே நேரத்தில். மத்தியானம் ஒரு மணி நேரம் பக்கத்தில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன், அதன் பக்கம் திரும்பமாட்டேன். உடும்புக்குக் கண் கூர்மை. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்துதான். நான் அசையாத, கெடுதல் செய்யாத ஒரு பொருள் என்று அது தானே கண்டுபிடிக்க வேண்டும். காகிதத்தையும் நாளுக்கு ஒரு விரல் அகலமாகக் கிழித்துக்கொண்டே வந்தேன்.

இன்று இடுக்கியில் ஒரு கரப்பானைப் பிடித்து, வளை வாசலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சின்னதின் நாக்கு மட்டும் வந்தது, இரட்டைப் பிளவாக, காற்றைத் தொட்டுத் தொட்டு. பிறகு தலை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து என் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். மூன்று எட்டு வைத்து, சடாரென்று கவ்வி, பின்வாங்காமல் அங்கேயே நின்று விழுங்கியது. கன்னத்தைக் கல்லில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

கொஞ்ச முடியாத பிராணி எதற்கு என்று கேட்டிருந்தாய். பயம் அதனுடையது, அதை விடும் நேரமும் அதனுடையதுதான். அது முடிவெடுத்து வருகிற அந்த மூன்று எட்டுக்காகத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு கவலை பாக்கி. பெரியது கல்லில் இருக்கும்போது சின்னது மேலே வருவதில்லை. அதனால் நேற்று இன்னொரு மூலையிலும் கல்லும் விளக்கும் வைத்தேன். அப்படியும் சின்னது ஒதுங்கினாலோ எடை குறைந்தாலோ தனிக்கூண்டுதான். வாலோ விரலோ கடிபட்டால் திரும்ப முளைக்காது, வீட்டுப் பல்லியின் வால் மாதிரி இல்லை. எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், குடற்புழு இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை தெரியும்.

படிக்கட்டு ஏற மருத்துவர் அனுமதித்தாரா? வலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. கோடையில் நீ வரும்போது நாற்காலி இன்னொன்று போட்டுவைக்கிறேன். மத்தியானம் விளக்கு சூடேறும் நேரத்துக்கு வந்து சேர்.

அன்புடன்,
சேகர்